வேலிக்கு அந்தப் பக்கத்துக் கொய்யா

சுங்கை லாலாங்,
4 பிப்ரவரி 2024

அன்புத் தங்கை ஜோசபினுக்கு,

அண்ணன் மோரிஸ் எழுதுகிறேன். என் நம்பரிலிருந்து அடித்தால் உன் போன் மணியே அடிப்பதில்லை. அதனால் கடிதம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கோலா கெடா கடல்காற்று ஒத்துக்கொள்கிறதா? இங்கே வீட்டில் நான் மட்டும்தான். பிள்ளைகள் கோலாலம்பூரிலிருந்து கிறிஸ்துமசுக்கு வந்ததோடு சரி.

ஒரு விஷயம். ரஃபேல் மாப்பிள்ளை காலமாகி, நீயும் கிளம்பிய பிறகு, இரண்டு வருஷமாக உன் பக்கத்துக் கொய்யாவை யாரும் பறிக்கவில்லை. விழுந்து அழுகி, பழ ஈ பெருகிவிட்டது. என் பழத்தை நறுக்கினால் எல்லாம் புழு. விவசாய இலாகாவிலிருந்து லோகேஸ்வரி என்ற பெண் வந்து பாட்டில்கள் கொடுத்தாள். உள்ளே வாசனை நனைத்த பஞ்சு. அந்த வாசனையைத் தின்ற ஆண் ஈயிடம்தான் பெண் ஈ மயங்குமாம். அதைத் தேடி உள்ளே போகிற ஆண் செத்துவிடும். ஆண் இல்லாவிட்டால் முட்டை பொரிக்காது.

"உங்க பக்கம் மட்டும் கட்டினா பத்தாது அங்கிள். பக்கத்துத் தோட்டத்துலயும் கட்டணும்லா" என்கிறாள். உன் கேட்டில் பூட்டு தொங்குகிறது. உன்னைக் கேட்காமல் உடைக்க மனம் வரவில்லை.

அன்புடன்,
அண்ணன் மோரிஸ்

*

கோலா கெடா,
19 பிப்ரவரி

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. கருவாட்டுக் கடையில் வேலை. முழங்கால் பரவாயில்லை.

ஒன்றுதான் கேட்க வேண்டும். இந்த பாட்டில் கட்டினால் மருந்து அடிக்க வேண்டாமா? இது எத்தனை வருஷமாக இருக்கிறது?

ஜோசபின்

*

சுங்கை லாலாங்,
2 மார்ச்

அன்புத் தங்கைக்கு,

மரத்துக்கு மருந்து அடிக்க வேண்டாம். பஞ்சில் சில சொட்டு விஷம், அவ்வளவுதான்.

எத்தனை வருஷம் என்று லோகேஸ்வரியைக் கேட்டேன். "ரொம்ப நாளா இருக்கே அங்கிள், நான் பொறக்கிறதுக்கு முந்தியே" என்றாள்.

மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளை இறப்பதற்கு முந்தின வருஷமே இலாகா ஆள் இதைச் சொல்லிவிட்டுப் போனார். "ஈயோட விளையாட நேரமில்லை" என்று நான்தான் அனுப்பிவிட்டேன். உங்கள் இருவரிடமும் சொல்லவில்லை.

கடைசியாக மருந்து அடித்த அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். "இன்னிக்கு வேணாம் மச்சான், நெஞ்சு அடைக்குது" என்றார். "நாலு வரிசைதானே, அடிச்சிட்டு வந்து படுங்க" என்றேன். மூன்றாவது வரிசையில் விழுந்து கிடந்தார். அடக்கத்துக்கு வந்தவர்களிடம் அவராகத்தான் போனார் என்று சொன்னேன். அது பொய்.

மோரிஸ்

*

கோலா கெடா,
1 ஏப்ரல்

அண்ணனுக்கு,

ஈஸ்டர் பூசை முடியட்டும் என்றிருந்தேன். கேட் சாவி இந்தக் கவரில் இருக்கிறது. பாட்டிலைக் கட்டுங்கள். விழுந்த பழத்தை ஆழமாகக் குழிவெட்டிப் புதையுங்கள்.

அவராகப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சொன்னார். "அண்ணன் சொன்னாருன்னுதான் போனேன். அவர்கிட்ட சண்டை போடாத, ஜோசி." அவர் கேட்டுக்கொண்டதால் சண்டை போடவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்கள் வாயைத் திறந்து சொல்லுவீர்கள் என்று இரண்டு வருஷம் காத்திருந்தேன். சொன்னால் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை அண்ணே. மருந்தில்லாமல் ஈயை ஒழிக்க அப்போதே ஒரு வழி இருந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு இன்னும் தூக்கம் போய்விட்டது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுத வேண்டாம். வந்தால் பிரிக்க மாட்டேன்.

ஜோசபின்

*

சுங்கை லாலாங்,
11 ஆகஸ்ட்

அன்புத் தங்கை ஜோசபினுக்கு,

பிரிக்க மாட்டாய் என்று தெரியும்.

உன் பக்கம் பதினெட்டு பாட்டில் கட்டினேன். முதல் மாதம் பஞ்சு தெரியாத அளவுக்கு ஈ. இப்போது எண்ணிவிடலாம். மருந்து ஒரு நாளும் அடிக்கவில்லை. மூன்றாவது வரிசையில் புல் மட்டும் கையால் பிடுங்குகிறேன்.

இன்று அந்த வரிசையில் ஒரு பழம் பறித்து நறுக்கினேன். புழு இல்லை. கூப்பிட்டுக் காட்ட இங்கே யாரும் இல்லை. நின்றபடியே முழுப் பழத்தையும் தின்றேன்.

அண்ணன் மோரிஸ்