தோணிக் கட்டுரைக்காக என் கணவர் காவலில் இருக்கிறார்

அனுப்புநர்:
ஜெபசெல்வி,
க/பெ. நாயக் எஸ்றா,
உப்புக் கிட்டங்கித் தெரு,
தூத்துக்குடி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
திருநெல்வேலி மாவட்டம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: தோணி விபத்து குறித்து நான் எழுதிய கட்டுரைக்குப் பழியாகப் பரப்பப்பட்ட அவதூறு – அதனால் என் கணவர் இராணுவக் காவலில் இருப்பது – விசாரணை கோருதல்.

கனம் ஐயா அவர்கள் சமூகத்திற்கு,

1. நான் நாசரேத்தில் பிறந்து ஆசிரியப் பயிற்சி முடித்தவள். என் கணவர் எஸ்றா பதினான்கு ஆண்டுகளாக இராணுவத்தில் பணிபுரிகிறார், இப்போது நாயக் பதவியில் இருக்கிறார். 1971 போரின்போது நான் வடக்கே இராணுவக் குடியிருப்பில் இருந்தேன். ஆண்கள் எல்லோரும் போர்முனைக்குப் போயிருந்தார்கள். தந்திக்காரரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பியதும் பெண்கள் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்போம். ஒருநாள் பக்கத்து வீட்டுக் கதவு தட்டப்பட்டது. நான் என்னையறியாமல் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அதை மறைக்காமல் எழுதி ஒரு வார இதழுக்கு அனுப்பினேன். அச்சாயிற்று. அன்று முதல் நடந்ததை மட்டுமே எழுதி வருகிறேன், கதை எழுதுவதில்லை. என் கட்டுரைகளை என் கணவர் முகாமில் தமிழ்ச் சிப்பாய்களைக் கூட்டி வைத்து உரக்க வாசிப்பார்.

2. அவர் எல்லைப் பகுதிக்கு மாற்றப்பட்டார். அங்கே குடும்பத்தை வைத்துக்கொள்ள அனுமதியில்லை. ஆகவே தூத்துக்குடிக்கு வந்து என் மாமியார் கிருபை அம்மாளுடன் வசிக்கிறேன். சென்ற நவம்பரில் தோணி உரிமையாளர் திரு. இன்பமணியின் சரக்குத் தோணி கொழும்பு செல்லும் வழியில் மூழ்கியது. ஒருவரும் கரை சேரவில்லை. காத்திருக்கும் பெண்களைப் பற்றி அறிந்தவள் என்பதால் மூழ்கியவர்களின் வீடுகளுக்குப் போனேன். தோணியை நடத்திச் சென்ற தண்டல் ஜேசுபாதத்தின் மனைவி அற்புதமணி, தன் கணவர் புறப்படுமுன் முதலாளியிடம் மன்றாடியதைத் தான் நேரில் கேட்டதாகக் கூறினார்: "பலக வாயத் தொறந்து கெடக்கு, மொதலாளி. இதுல ஆள ஏத்தாதிய." அதற்கு முதலாளி, "பயமா இருந்தா எறங்கிக்கோ, வேற தண்டல் பாத்துக்கிடுதேன்" என்றாராம். பலகை இடுக்குகளை அடைக்கத் தமக்கு நாள் தரப்படவில்லை என்று தோணித் தச்சரும் கூறினார். இரண்டையும் பெயர்களோடு எழுதினேன். டிசம்பரில் வெளியாயிற்று.

3. அந்த வாரமே முதலாளியின் ஆள் செந்தூர்பாண்டி என் வாசலில் வந்து நின்று, தெருவே கேட்கும்படி சொன்னது: "ஏளா, எழுதுனது பொய்யின்னு நீயே எழுதிக் குடுத்துரு. இல்லன்னா பட்டாளத்துல கெடக்க ஒம் புருசனுக்கு வேற கத போய்ச் சேரும்." நான் எழுதித் தரவில்லை.

4. என் கணவரின் பிரிவில் சிப்பாயாக இருக்கும் ஆத்தூர்க்காரர் தளவாய் பொங்கலுக்கு விடுப்பில் வந்தார். முதலாளி தரப்பினர் அவருக்கு விருந்து வைத்து, நான் துறைமுகத்து ஆட்களோடு திரிவதாகவும், தோணிகளில் ஏறி இறங்குவதாகவும், இன்னும் என் பேனாவில் வராத சொற்களையும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் திரும்பிப் போய் முகாமில் பேசினார். என் கட்டுரைகளைக் கேட்டிருந்த அதே சிப்பாய்கள் சிரித்தார்கள். என் கணவர் விடுப்புக் கேட்டார், கிடைக்கவில்லை. அனுமதியின்றிப் புறப்பட்டு வந்துவிட்டார்.

5. ஜனவரி இறுதியில் ஒரு பிற்பகல் அவர் முற்றத்தில் வந்து நின்றார். பூட்ஸைக் கழற்றவில்லை. "கடற்கரைக்குப் போனியா?" என்று கேட்டார். போனேன் என்றேன். "தோணியில ஏறுனியா?" ஏறினேன் என்றேன். பழுது பார்க்க நிறுத்தியிருந்த வேறொரு தோணியில், தச்சர் சொன்ன இடுக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க ஏறியது உண்மை. அவர் கை ஓங்கினார். என் மாமியார் குறுக்கே வந்து, "ஏலே, அவ போன எடத்துக்கெல்லாம் நானுந்தாம்ல கூடப் போனேன். பெத்தவளையும் சேத்துச் சந்தேகப்படுதியா?" என்று கத்தினார். என் கணவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். மறுநாள் ரயிலில் தாமே திரும்பிச் சென்று பிரிவில் சரணடைவதாகச் சொன்னார். தாமாகத் திரும்பியிருந்தால் தண்டனை குறைந்திருக்கும். ஆனால் யாரோ தகவல் கொடுத்து, காலையிலேயே காவலர்கள் வந்துவிட்டார்கள். விலங்கிட்டு அழைத்துச் சென்றார்கள். செந்தூர்பாண்டி டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

6. தற்போது அவர் தம் பிரிவிலேயே காவலில் இருக்கிறார். இம்மாதம் 25ஆம் தேதி இராணுவ நீதிமன்ற விசாரணை. இதற்கிடையில் அற்புதமணி, தோணி நல்ல நிலையில் இருந்ததாகக் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டார். அவருக்குக் குடியிருக்க முதலாளி இடம் கொடுத்திருக்கிறார். நான் அற்புதமணியைக் குறை சொல்லவில்லை. நான் அந்தப் பக்கம் போனால் அவர் கதவைச் சாத்திக்கொள்கிறார். தச்சர் ஊரிலேயே இல்லை.

7. சென்ற ஞாயிறன்று முதலாளி தரப்பிலிருந்து மறுபடி ஆள் வந்தது. கட்டுரை பொய் என்று நான் எழுதிக் கொடுத்தால், தாம் பரப்பியது வீண்பேச்சு என்று கட்டளை அதிகாரியிடம் தளவாய் சொல்வாராம், அதனால் என் கணவரின் தண்டனை குறையுமாம். என் மாமியார் அதைக் கேட்டபின் சாப்பிடவில்லை.

எனவே தோணி விபத்தையும் அவதூறு பரவிய விதத்தையும் தாங்கள் விசாரித்து, என் கணவர் எந்தச் சூழ்நிலையில் பணியிடத்தை விட்டு வந்தார் என்ற அறிக்கையை 25ஆம் தேதிக்குள் அவருடைய கட்டளை அதிகாரிக்கு அனுப்பிவைக்கும்படி இறைஞ்சுகிறேன்.

அது நடவாமற்போனால், ஐயா, அவர்கள் கேட்பதை நான் எழுதிக் கொடுத்துவிடுவேன். என் கணவர் எனக்கு வேண்டும். பின்னொரு நாள் என் கையொப்பத்தோடு, நான் எழுதியது அத்தனையும் பொய் என்று ஒரு தாள் தங்கள் மேசைக்கு வருமானால், அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். ஆயினும் மூழ்கியவர்களைப் பற்றிய உண்மைக்கு இந்த மனுவையே என் வாக்குமூலமாக வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இடம்: தூத்துக்குடி
நாள்: 11.2.1974

தங்கள் விசாரணையை எதிர்நோக்கியிருக்கும்,
ஜெபசெல்வி எஸ்றா