முதலில் என்னிடம் விற்றிருக்க வேண்டும்

அண்ணா,

இன்று காலை வில்லேஜ் ஆபீஸில் நம் வீட்டு நிலத்துக்கு வரி கட்டினேன். ரசீதில் என் பெயர் மட்டும் இருந்தது. இத்தனை வருஷமாக மேலே உன் பெயரும் கீழே என் பெயருமாக வந்த தாள் அது. ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்தவர், "சேச்சி, பேரு சரிதானே?" என்று கேட்டார். சரிதான் என்றேன். மட்டாஞ்சேரி வெயிலில் வீடுவரை உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டபடியே நடந்தேன். நீ போய் மூன்று மாதம் ஆகிவிட்டது.

அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா உயில் எழுதாமல் போனார். முனிசிபாலிட்டி வேலையில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவர் வாங்கிய மூன்று சென்ட் நிலமும் ஓட்டு வீடும் நமக்குச் சரிபாதி. கல்யாணத்துக்குப் பிறகு நீ திருப்பூணித்துறைக்குக் குடிபோனாய். புருஷன் விட்டுப் போனதும் நான் பிள்ளைகளோடு இங்கே வந்து, முன்னறையில் கிரைண்டர் போட்டு தோசைமாவு அரைத்து விற்றேன். இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தது அந்த முன்னறை. இது உனக்குத் தெரியாததா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாய். பிள்ளைகளை விசாரித்தாய், மழையை விசாரித்தாய். கடைசியில், "வீட்டில என் பாகத்தைக் கொடுத்திடலாம்னு இருக்கேன், நீ என்ன சொல்றே?" என்றாய். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. "உன் இஷ்டம் அண்ணா" என்றேன். நம் வீட்டில் தங்கைகள் அண்ணனுக்குச் சொல்கிற பதில் அது. தீபாவளிக்குப் புடவை எடுத்தபோதும் அதைத்தான் சொன்னேன், எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அதைத்தான் சொன்னேன். அது மரியாதை, சம்மதம் அல்ல. யாருக்குக் கொடுக்கிறாய் என்று கேட்காதது என் தப்பு. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அட்வான்ஸ் வாங்கியது உன் தப்பு.

பத்து நாள் கழித்து ஒருவர் அளக்கிற டேப்போடு வந்து கிரைண்டரை நகர்த்தச் சொன்னார். உன் பாகத்தை வாங்கி, டூரிஸ்டுகள் தங்க ஹோம்ஸ்டே நடத்தப் போகிறாராம். "சேச்சிக்குச் சம்மதம்னு சேட்டன் சொன்னாரு" என்றார். பாதி வீட்டில் முன்பின் தெரியாதவர் வந்து உட்கார்ந்தால், மீதிப் பாதியில் நான் எத்தனை நாள் இருக்க முடியும்?

நீ எப்போதும் இப்படித்தான். நான் ஓட்டிப் பழகிய சைக்கிளை ஒருதரம் எனக்குச் சொல்லாமல் கொச்சங்காடியில் ஒரு கடைக்காரருக்கு விற்றாயே, ஞாபகமிருக்கிறதா? நான் அந்தக் கடை முன்னால் சாயங்காலம்வரை நின்று திருப்பி வாங்கி வந்தேன். "இவ விடமாட்டா" என்று சொல்லி அன்றைக்குச் சிரித்தாய்.

தெருக்கோடியில் இருக்கும் வக்கீலம்மாவிடம் போனேன். "அப்பன் சொத்தில கூட்டுப் பங்குள்ளவங்க விக்கும்போ, வெளியாளுக்கு முந்தி வாங்கற உரிமை சேச்சிக்குத்தான். போன்ல இஷ்டம்னு சொன்னதையெல்லாம் விட்டுக்கொடுத்ததா எடுக்க முடியாது. விலை ஒத்துவரலேன்னா கோர்ட்டு சொல்லும்" என்றார். அன்றைக்கே உனக்கு நோட்டீஸ் அனுப்பச் சொன்னேன்.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு நீ வந்து நின்றாய். "கூடப்பொறந்தவனுக்கு வக்கீல் நோட்டீஸா?"

"கூடப்பொறந்தவ இருக்கற வீட்டுக்கு டேப்பா?" என்றேன்.

"நீதானே சொன்னே, உன் இஷ்டம்னு? என் பங்கு, நான் யாருக்கு வேணும்னாலும் விப்பேன்."

"வித்துக்கோ. முதல்ல என்கிட்ட வில்லு."

"மாவு விக்கறவ எங்கேருந்து கொடுப்பே?"

அந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. நகையை அடகு வைத்து, கூட்டுறவு பாங்கில் கடன் வாங்கி, அந்த ஹோம்ஸ்டேக்காரர் பேசிய அதே விலையைக் கொடுத்தேன். ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. ரெஜிஸ்டர் ஆபீஸில் வாங்குகிறவர் யார் என்று கேட்டார்கள். "தங்கச்சி" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல். வெளியே வந்து சாயா குடிக்கலாமா என்று கேட்டேன். போட் புறப்பட நேரமாயிற்று என்று போய்விட்டாய். உன் ஊருக்குப் போட் கிடையாது என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

அதன்பிறகு நீ பேசவில்லை. ஓணத்துக்குக் கூப்பிட்டேன், போனை எடுக்கவில்லை. அப்புறம் நெஞ்சுவலி என்று சேதி வந்தது. நான் வந்து சேர்வதற்குள் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் அண்ணி சொன்னாள், "அந்த நோட்டீஸை நெனச்சு நெனச்சே போயிட்டாரு." நான் அங்கே வாய் திறக்கவில்லை, அது உன் வீடு, அவள் துக்கம்.

இங்கே திறக்கிறேன். உன் இருதயத்துக்கு என்ன வந்தது என்பது டாக்டருக்குத் தெரியும். நான் என் வீட்டைக் கேட்டேன், உன் உயிரைக் கேட்கவில்லை. உன் படத்துக்கு முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள், கேட்கமாட்டேன். நீ என்னோடு பேசாமல் போனாயே, அது இப்போதும் சோற்றில் கைவைக்கும்போது ஞாபகம் வருகிறது. அதற்காக அழுகிறேன், நோட்டீஸுக்காக இல்லை. நாளைக்கே நீ மறுபடி விற்கக் கிளம்பினாலும் மறுபடி அனுப்புவேன். அந்த நோட்டீஸைக் கையெழுத்துப் போட்டு வாங்குவதற்கு நீ உயிரோடு இருந்தால் போதும்.