வடக்குச் சுவரில் வைத்த பொட்டு

என் மூக்கொழுகிச் சங்கரனுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் செயற்கைக்கோள் கொல்கத்தாவுக்கு மேலே வருகிற நாள்களில் நான் மொட்டைமாடிக் கொடியில் நைட்டி காயப்போட்டதே இல்லை. பூமியைப் படம் எடுக்கிறது என்றாயே, நம் கிழிசல் அதில் விழுந்து, உன் ஆபீஸில் யாராவது பெரிதாக்கிப் பார்த்துவிட்டால் உன் மானம் என்ன ஆவது? உன் அத்தானுடைய நல்ல சட்டை இரண்டை மட்டும் தொங்கவிடுவேன். அவர் பலநாள் ஈர பனியனோடு ரயில்வே ஆபீஸுக்குப் போனதற்குக் காரணம் நீதான்.

ஒருமுறை போனில் சாடையாகக் கேட்டேன். "ஏல, அதுல நம்ம வீடு தெரியுமா?"

"நம்ம வீடு, பக்கத்து வீடு, சந்து எல்லாம் சேந்து ஒரு புள்ளியாத் தெரியும்க்கா."

"அப்ப நான்?"

"நீ இருக்கிற குண்டுக்கு, ஒருவேளை தெரியலாம்."

போனை வைத்துவிட்டேன். அதற்கப்புறமும் நைட்டியைக் கீழேதான் காயப்போட்டேன். உன் பேச்சை எப்போது நம்பினேன்?

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். லேக் மார்க்கெட்டில் இட்லி மாவு விற்கிறவளுக்கு உன் வேலை எப்படிப் புரியும்? மாவு வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "எந் தம்பி சாட்டிலைட் பிடிக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு நீ சிரித்தாய்.

"பிடிக்கலக்கா, காத்திருக்கோம். வானத்துல வடக்க எந்த இடத்துல எழும்பும்னு கணக்கு இருக்கு. ஆண்டெனாவ அங்க திருப்பி வச்சுக்கிட்டு உக்காந்திருப்போம். வந்ததும் அதுகூடவே ஆண்டெனாவும் திரும்பும். தெக்க இறங்கி மறையுத வரைக்கும் அது பேசுததக் கேப்போம்."

"துரத்திப் பிடிக்க மாட்டியளா?"

"துரத்துனா கிடைக்காதுக்கா."

இதற்கா இவ்வளவு படிப்பு என்று கேலி பண்ணினேன். இப்போது கேலி பண்ண ஆள் இல்லை.

தம்பி, காளிகாட் சந்தில் வளர்ந்த நமக்குப் பொங்கல் எப்படியோ அப்படித்தான் பாய் ஃபோண்டாவும். காளி பூஜை முடிந்த இரண்டாம் நாள், வங்காளி வீடுகளில் அக்கா தங்கைகள் பட்டினி இருந்து, இடது கைச் சுண்டுவிரலால் அண்ணன் தம்பி நெற்றியில் சந்தனப் பொட்டு வைப்பதைப் பார்த்து, நானும் உன் நெற்றியில் வைத்தேன். நீ சந்தேஷ் இனிப்புத் தட்டிலேயே கண்ணாக இருப்பாய். வேலைக்கு நீ தெற்கே போன பிறகு, ஊரில் இல்லாத தம்பிக்குச் சுவரில் வைக்கலாம் என்றார்கள். வருஷா வருஷம் சமையலறையின் தெற்குச் சுவரில் வைத்தேன்.

யமன் வாசலில் முள் போட்டு அடைக்கத்தான் அந்தப் பொட்டு. அப்படியானால் போன பங்குனியில், வேலை முடிந்து நாற்காலியை விட்டு எழுந்த நீ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஏன் விழுந்தாய்? நான் சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்துவிட்டேனா? சுவர் தப்பா? மாவு ஆட்டும்போதெல்லாம் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிரைண்டர் அதுபாட்டுக்குச் சுற்றுகிறது.

இந்த வருஷம் பொட்டு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கிடந்தேன். அப்போதுதான் கௌரி போன் பண்ணினாள். உன்னோடு ஒரே ஷிப்டில் இருந்த பெண், உன் செய்தியைச் சொன்னவளும் அவள்தான்.

"அக்கா, அண்ணன் பாத்துக்கிட்டிருந்த செயற்கைக்கோள்ல எரிபொருள் கொஞ்சந்தான் மிச்சம் இருந்துச்சு. அதை வச்சு அது சுத்துற உயரத்தைக் குறைச்சிட்டோம். இனி அணைச்சிடுவாங்க."

"விழுந்துருமா?"

"உடனே விழாதுக்கா. பல வருஷம் சுத்தும். அப்புறம் காத்துல எரிஞ்சுபோயிடும்."

"அதுவரைக்கும் பேசுமா?"

"பேசாதுக்கா."

அணைக்கிற நாளைக் கேட்டேன். பாய் ஃபோண்டா அன்று காலையாம். ஆபீஸ்காரர்களுக்கு நம் பண்டிகை எங்கே தெரியப்போகிறது?

அன்று அறுகம்புல் கேட்டுக் கீழ்வீட்டு மிட்டு பௌதியிடம் போனேன். சந்துக்கே அண்ணி அவள். வங்காளியில்தான் பேசினோம், உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"இல்லாத தம்பிக்கு வைக்கக் கூடாது அக்கா" என்றாள்.

"தம்பிக்கு இல்ல பௌதி. அவன் பாத்துக்கிட்டிருந்த சாட்டிலைட்டுக்கு."

"அது வெறும் மிஷின்தானே?"

"விஸ்வகர்மா பூஜைக்கு உங்க வீட்டு ஸ்கூட்டருக்கு மாலை போட்டீங்களே. அது மட்டும் உங்க மாமனாரா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. புல்லைக் கொடுத்தாள், ஒரு சந்தேஷையும் தட்டில் வைத்தாள். "இதை யார் சாப்பிடுவா?" என்று கேட்டேன். "நீதான், வேற யார் இருக்கா" என்றாள்.

கௌரி சொன்ன நேரத்துக்கு மொட்டைமாடியில் வடக்கே பார்த்து நின்றேன். பகல் வெளிச்சத்தில் என்ன தெரியும்? நாலு காக்காய், மேகமே இல்லாத வானம். வடக்குக் கைப்பிடிச் சுவரில் சுண்டுவிரலால் பொட்டு வைத்தேன். பொட்டு வைக்கும்போது சொல்கிற வங்காளிப் பாட்டைச் சொல்லிக்கொண்டே வந்து, யமன் பெயர் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டேன். வந்துபோனவனை இனி எந்த முள்ளால் மறிப்பது?

பிறகு மெல்லத் திரும்பினேன். வடக்கிலிருந்து தலைக்கு மேலே, அங்கிருந்து தெற்கே, அது போகும் என்று நினைத்த வேகத்தில். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் இரண்டு தரம் பார்த்தாள். கழுத்து சுளுக்கு என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

கொஞ்ச நேரத்தில் கௌரி கூப்பிட்டாள். "கடைசி வரைக்கும் நல்லாக் கேட்டுச்சுக்கா. அணைச்சாச்சு." "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது, நீயே சொல்?

உன் கை பட்டு ஓடிய ஒன்று இன்னும் மேலே பேசிக்கொண்டிருக்கிறது என்பதுதான் இத்தனை மாதம் என்னைத் தாங்கியது. அதுவும் வாய் மூடிவிட்டது. ஆனாலும் வந்துபோய்க்கொண்டுதான் இருக்குமாம். அப்படியானால் நானும் வருஷா வருஷம் வடக்கே பார்த்து நிற்பேன். அது எரிகிற வரைக்கும், இல்லை என்னை எரிக்கிற வரைக்கும், எது முந்துகிறதோ. துரத்த மாட்டேன் தம்பி. காத்திருப்பேன். இது உன் அக்கா கொடுக்கிற வாக்கு.

பொட்டு வைக்கக் குனிந்தபோது, அந்தச் சுவரில் மாட்டியிருந்த மிட்டு பௌதி வீட்டு டிவி டிஷ்ஷை என் இடுப்பு இடித்துத் திருப்பிவிட்டது. நான் நிமிர்த்தி வைத்தேன். அவர்கள் டிவியில் அன்றிலிருந்து 'சிக்னல் இல்லை' என்று மட்டும் வருகிறது.

இப்படிக்கு,
உன் குண்டு அக்கா
சரசு