டிராகனுக்கு நான் குரல் கொடுப்பேன்

என் புத்தி தடுமாறிவிட்டதாக மாதா கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் போன பிறகு நான் வீட்டில் தனியாக ஆண்குரலில் உறுமிக்கொண்டிருக்கிறேனாம். உறுமுவது உண்மை. மற்றது பிழை. நான் ஒத்திகை பார்க்கிறேன்.

உங்கள் மைக்கை அலுமாரியிலிருந்து எடுத்தேன். அதில் கட்டியிருந்த கைக்குட்டையில் இன்னும் கிராம்பு வாசம். படம் சொல்லும் முன் தொண்டைக்கு ஒரு கிராம்பைக் கடித்துக்கொள்வீர்கள்.

கல்யாணமான புதிதில், நீங்கள் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்தபோது, மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி ஆங்கிலப் படம் காட்டுவார்கள். பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்வது உங்கள் பொறுப்பு. நான் பின்னால் ஸ்டூலில் அமர்ந்து வசனத்தின் பொருளை எடுத்துத் தருவேன். நீங்கள் அதை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்வீர்கள்.

"இங்க பாருங்க, அவன் அப்படிச் சொல்லல."

"கான்வென்ட் சிஸ்டர்மார் ஒனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தாங்க. சிரிக்கச் சொல்லித் தரல."

இதையும் மைக்கிலேயே சொல்வீர்கள். கூட்டம் சிரிக்கும். எனக்குக் கோபம் வரும்.

ஒருமுறை ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கித் திரையை மறைத்துவிட்டது. ஒருவரும் எழும்பவில்லை. நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அன்று நான் உங்களைத் திருத்தவில்லை.

கடைசியில் நோயில் கிடந்தபோது, மகள் அனுப்பிய கார்ட்டூன் படத்தைப் படுக்கையிலிருந்து பார்த்தீர்கள். விண்கலம் ஒன்று நடுவழியில் நின்றுவிடுகிறது. அதை ஓட்டும் கம்ப்யூட்டருக்கோ வாளும் மந்திரமுமான ஒரு விளையாட்டில் பைத்தியம். கப்டன் மந்திரவாதி, சமையல்காரர் மாவீரன் என்று அதுவே வேஷம் பிரித்துக் கொடுக்கிறது. தாயக்கட்டையை உருட்டி எண் விழுந்தால்தான் கழிவறைக் கதவுகூடத் திறக்கும். எரிபொருள் அறைக்கு ஒரு டிராகன் காவல். அது மந்திரச் சொல் கேட்கிறது. நான் அப்படியே மொழிபெயர்த்தேன்.

"மந்திரமா? நம்ம சனத்துக்கு அது வேணாம். தம்புள்ளை மார்க்கட் கேட்ல நிக்கிறவன் மாதிரி கேக்கட்டும். டேய், லொறிய பின்னால எடு! கேட் துண்டுச் சீட்டு எங்க?"

இருமல் வரும்வரை சிரித்தீர்கள். குணமானதும் இதைக் கோயிலின் பங்கு மண்டபத்தில் சொல்வதாக இருந்தீர்கள். குணமாகவில்லை.

ஆகவே நான் சொல்லப்போகிறேன். அந்தப் படத்தில் தமிழ் இல்லை. மண்டபத்துக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. மண்டபச் செயலாளரிடம் நேரில் போய்க் கேட்டேன்.

"ஏம்மா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வேல? சனம் சிரிக்கும்."

"சிரிக்கத்தானே தம்பி படம்."

"அதுக்கில்லம்மா. உங்களுக்கு... ஒடம்பு சரியில்லன்னு சொல்றாங்க. பொறகு பாப்போம்."

நீங்களாக இருந்தால் அந்தப் 'பொறகு பாப்போம்' என்ற பேச்சை நம்பி வீட்டுக்கு வந்திருப்பீர்கள். நான் நம்பவில்லை.

டிராகன் ஆங்கிலத்தில் சொல்வதை ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொல்ல எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. மந்திரச் சொல்லை அல்ல, துண்டுச் சீட்டைத்தான் கேட்பேன். சரியானதை அறிந்துகொண்டே வேறொன்றைச் சொல்லும் தைரியத்தை உங்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். அதற்கு எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது. இனி அதை விடுவதாக இல்லை.

இந்த மடலின் பிரதியொன்று செயலாளருக்கும் போகிறது.

செயலாளர் அவர்களே, ஒரு சனிக்கிழமை பின்னேரம் மண்டபம் வேண்டும். தருவீர்களா, மாட்டீர்களா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.