நூல் மூட்டைகளுக்கு நடுவில்

ஜூன் 3
நான் செய்து கொடுத்த ஸ்பீக்கர் பெட்டி இன்னொன்று திரும்பி வந்தது. தேவிகாபுரத்துக்காரர். காது குத்துகிறதாம். இந்த வருஷத்தில் இது நான்காவது. துல்லியமாக வேண்டும் என்று கேட்பதும் இவர்கள்தான், கொடுத்தால் குத்துகிறது என்பதும் இவர்கள்தான். என் ரூமிலேயே போட்டுக் காட்டினேன். நன்றாகத்தான் பாடியது. அவரும் ஒப்புக்கொண்டு தூக்கிக்கொண்டு போனார்.

ஜூன் 9
முதுகு வலி. எதிலும் மனம் ஓடவில்லை.

ஜூன் 14
பஸ் ஸ்டாண்டில் கிறிஸ்டோபர். பார்த்தான், பார்த்தேன். பேசவில்லை. எட்டு மாதம் ஆகிறது.
பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. புது வீட்டுக்கு நான்தான் பெட்டி செய்து கொடுத்தேன். முதல் நாள், "பாடறவங்க மூச்சு உடறதுகூட கேக்குதுடா தொர" என்று பூரித்தான். பத்தாம் நாள் தலை வலிக்கிறது, குறைத்துக் கொடு என்றான். உன் காதில்தான் கோளாறு, போய்க் காட்டு என்று அவன் மனைவி டயானா எதிரிலேயே சொல்லிவிட்டேன். பெட்டியை இதற்குள் யாருக்காவது தள்ளிவிட்டிருப்பான். போகட்டும்.

ஜூன் 22
ரூம் சொந்தக்காரர் பழனி ஒரு பட்டு வியாபாரி. என் ரூமின் மூன்று சுவரிலும் கூரை வரை அடுக்கியிருந்த நூல் மூட்டைகளை இன்று புது குடோனுக்கு ஏற்றிவிட்டார்.

ஜூன் 23
காலையில் பெட்டியைப் போட்டால் கீச்சென்று காதில் ஏறுகிறது. வயரை மாற்றினேன். ஆம்ப்ளிஃபையரை மாற்றினேன். அதேதான். கை தட்டிப் பார்த்தேன் — வெறுஞ்சுவர் சத்தத்தைத் திருப்பி அடித்தது.
உட்கார்ந்துவிட்டேன்.
பதினோரு வருஷமாக அந்த மூட்டைகள் கீச்சென்ற மேல்சத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. மங்கலாக இருக்கிறதே என்று நான் மேல்சத்தம் பாடும் ட்வீட்டரை ஏற்றி ஏற்றி வைத்து, டைல்ஸும் கண்ணாடியுமான வீடுகளுக்கு அனுப்பியிருக்கிறேன். அத்தனை பேர் சொன்னார்களே. ஒருத்தன் பேச்சையாவது கேட்டேனா?

ஜூன் 24
கிறிஸ்டோபரிடம் போக வேண்டும். எந்த முகத்தோடு?

ஜூன் 27
போனேன். கையில் சாலிடரிங் அயர்னும் இரண்டு ரெசிஸ்டரும். கிறிஸ்டோபர் இல்லை. ஹாலில் என் பெட்டிகள் அதே இடத்தில். எதிர்ச்சுவர் முழுக்க ஆணியடித்து இரண்டு கம்பளி, ஒரு பழைய பட்டுப்புடவை.
"வேற வாங்கிக்கலாம்னு சொன்னேங்கண்ணா," என்றாள் டயானா. "தொர செஞ்சது, குடுக்க மாட்டேன்னு இவரே இதெல்லாம் மாட்டிகினு உக்காந்துட்டாரு."
பெட்டியைப் பிரித்தேன். ட்வீட்டரின் சத்தம் குறைய ரெசிஸ்டர் வைத்து மூடும்போது அவன் வந்து நின்றான். கோளாறு எனக்குத்தான்டா என்றேன்.
பாட்டைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை அவன். ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, கம்பளியைக் கழற்ற ஆரம்பித்தான். நான் கீழே நின்று வாங்கிக்கொண்டேன்.