மச்சான் விட்டுப்போன சவால்

அன்புக்கும் பிடிவாதத்துக்கும் ஒன்றுபோலப் பேர்போன மச்சானுக்கு,

செத்துப்போக உங்களுக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா? கோபமாகத்தான் கேட்கிறேன். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்ல முடியாது. உங்கள் தங்கையிடம் சொன்னால் அழுகிறாள். அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

நம்மூர் மந்தைத் திடலில் மைக் வைத்து ஆளுங்கட்சியைக் கேள்வி கேட்க உங்களை விட்டால் ஆள் கிடையாது. நானோ அதே ஆளுங்கட்சியின் பஞ்சாயத்து யூனியன் மெம்பர். என்னையும் சேர்த்துத்தான் வறுத்தெடுப்பீர்கள். "எங்க மாப்ள நல்லவருதான். ஆனா யூனியன் ஆபீசுக்குப் போனா வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிருவாரு" என்று ஊரே சிரிக்கச் சொல்வீர்கள். மறுநாள் மத்தியானம் என் வீட்டிலேயே உட்கார்ந்து, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் போதவில்லை என்று தங்கையிடம் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆந்திரமும் கேரளமும் தனியாகப் போய், நம் ராஜ்யம் இப்படி நின்று ஆறேழு வருஷம்தான் ஆகிறது. யூனியன் புதுசு, சேர்மன் புதுசு, கேட்டால் கொஞ்சம் பொறுங்கள் என்பார்கள். நானும் அதையே ஊருக்குச் சொல்வேன். உங்களுக்குத்தான் பொறுமை என்பதே கிடையாதே. கிழக்குத் தெருவுக்கு விளக்குக் கம்பம் வந்தால் மீசையை எடுத்துவிடுவதாகச் சவால் விட்டீர்கள். சேர்மன் ரோஷக்காரர். உங்கள் மீசையை இறக்காமல் விடுவதில்லை என்று திண்டுக்கல்லுக்கும் மதுரைக்குமாக அலைந்து கம்பத்தைக் கொண்டுவந்து நட்டார். நீங்கள் மழமழவென்ற முகத்தோடு மந்தையில் வந்து நின்றீர்கள்.

அதோடு விட்டீர்களா? சாணார்பட்டிப் பாதைக்குச் சரளை அடித்தால் ஒரு வருஷம் செருப்பில்லாமல் நடப்பேன் என்றீர்கள். சரளை வந்தது. சித்திரை வெயிலில் அந்தச் சரளை மேலேயே நீங்கள் நொண்டி நொண்டி நடந்ததைப் பார்த்து எனக்குத்தான் தலைகுனிவாக இருந்தது. ஒரு சவாலில்கூட நீங்கள் ஜெயித்ததில்லை. தோற்கப்போகிறோம் என்று தெரிந்தேதான் விட்டீர்களா? அதைக் கேட்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

கடைசியாக விட்டதுதான் ஆறாம் வகுப்புச் சவால். நம்மூர்ப் பள்ளிக்கூடம் ஐந்தோடு சரி. அதற்கு மேல் படிக்க ஐந்து மைல் நடக்கவேண்டும். பையன்கள் போகிறார்கள், பெண்பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். "வாற ஜூன் மாசம் நம்மூர்ல ஆறாப்புத் தொறந்துட்டா, இதே மந்தையில சேர்மன் கழுத்துல என் கையால மாலை போடுறேன். அன்னைக்கே கட்சிய விட்டும் வெலகிக்கிறேன்" என்றீர்கள். அதன்பிறகு சேர்மனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உங்கள் கையால் விழப்போகிற மாலையை நினைத்து மனுவுக்கு மேல் மனு போட்டார். ஃபைல் கையெழுத்துக்குப் போய்விட்டது என்று என்னிடமே சொன்னார்.

அந்த வாரம்தான் நீங்கள் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தீர்கள். சேர்மன் ஆள் உயர ரோஜா மாலை வாங்கிவந்து உங்கள் மேல் போட்டார். அழவும் செய்தார். அத்தோடு ஃபைலை மறந்தும் போனார்.

போன வாரம் நேரிலேயே போய்க் கேட்டேன். சேர்மன் பொய் சொல்கிற மனிதர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"ஒம்ம மச்சானே போய்ச் சேந்துட்டாரு. இனி ஆறாப்பத் தொறந்து யாருக்குக் காட்டப்போறோம்?" என்றார்.

"படிக்கிற பிள்ளைக இருக்குல்லய்யா" என்றேன்.

"இருக்கும்யா. பொறுத்துப் பாப்போம். இப்ப யாரு கேக்குறா?"

யாரும் கேட்கவில்லைதான். உங்கள் கட்சிக்காரர்கள் இரங்கல் கூட்டம் போட்டு டெல்லியை ஒரு பிடி பிடித்தார்கள். உங்களை வானளாவப் புகழ்ந்தார்கள். ஆறாம் வகுப்பு என்கிற பேச்சு ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நான் மட்டும் என்ன யோக்கியம்? நீங்கள் மைக்கில் கேட்டதை ஒரு தடவையாவது யூனியன் கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்கிறேனா?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். உங்கள் மகள் செல்விக்கு என்ன பதில் சொல்ல? ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். "அம்புட்டுத் தூரம் பொட்டப்பிள்ளையத் தனியா அனுப்ப எனக்குத் தெம்பு இல்ல தம்பி" என்று உங்கள் வீட்டில் அக்கா சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? நேற்றுக் காலையில் செல்வி என் தோட்டத்துக்கு வந்து வரப்பிலேயே நின்றாள்.

"மாமா, ஆறாப்பு வருமா, வராதா? வராதுன்னா சொல்லிருங்க. பக்கத்துத் தோட்டத்துல பூவெடுக்கக் கூப்புடுறாக. திங்கக்கெழமையில இருந்து போறேன்."

அழவில்லை, மச்சான். உங்களைப் போலவே நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டாள். ஊருக்குச் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன், கொஞ்சம் பொறு தாயி என்று. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன்.

"எங்கண்ணன் இருந்தா இந்நேரம் மைக்கப் புடிச்சிருப்பாரு. நீங்க சோத்தப் பெசஞ்சுக்கிட்டு இருக்கீக" என்றாள் உங்கள் தங்கை.

சாயங்காலமே மைக்குக்குச் சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மந்தையில் நான் பேசப்போகிறேன். ஆளுங்கட்சி மெம்பரே ஆளுங்கட்சிக்குச் சவால் விடப்போகிறேன். நான் மாலை போடுவதாகச் சொன்னால் சேர்மன் சட்டை செய்யமாட்டார், அதை எத்தனையோ தடவை போட்டாயிற்று. அவருக்கு வேண்டியது என் மெம்பர் பதவி. தன் மச்சினனுக்கு அதை வாங்கித்தர வெகுநாளாக வழி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜூன் மாதம் ஆறாம் வகுப்பைத் திறந்து காட்டுங்கள், அன்றைக்கே ராஜினாமா தருகிறேன் என்று சொல்லப்போகிறேன்.

பதவி போவது வலிக்காமல் இருக்குமா? வெள்ளை வேட்டி கட்டி யூனியன் கூட்டத்துக்குப் பஸ் ஏறுவதில் எனக்கு அப்படி ஓர் ஆசை. உங்களுக்கும் அது தெரியும். ஆனாலும் இந்தச் சவாலில் நான் தோற்றே ஆகவேண்டும், மச்சான். செல்வியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஆறாம் வகுப்பில் உட்காரவைத்துவிட்டு, அந்த வாத்தியார் மேஜையிலேயே ராஜினாமாவில் கையெழுத்துப் போடுவேன். இது உங்கள் தங்கை மேல் சத்தியம்.

இப்படிக்கு,
ஜூன் மாதம்வரைதான் மெம்பராக இருக்க விரும்புகிற
உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
முத்தையா