சிலிண்டரில் ஒட்டாத சிவப்பு அம்பு

இன்று பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் அதன் புகை ஜன்னல் வழியாகத் தையல் லைனுக்குள் வந்தது. யாரும் தலை நிமிரவில்லை. ஆம்பூர்க்கார மூக்குகளுக்கு இதெல்லாம் ஒரு நாற்றமா? தோல் பதனிடும் டேனரி, பசை, டீசல் எல்லாம் சேர்ந்ததுதான் நமக்குக் காற்று. நான் மட்டும் எழுந்து போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். வேலை நேரத்தில் சூப்பர்வைசர் இப்படி எழுந்து வரலாமா என்று என்னைத் திட்ட நீ இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உனக்கும் எனக்கும் பன்னிரண்டு வருடச் சண்டை. ஷூ தைக்கும் லைனுக்கு நான் பொறுப்பு, லைன் முடியும் இடத்தில் குவாலிட்டி பார்க்க நீ. ஒரு தையல் விலகியிருந்தாலும் அதன் மேல் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாய். ஷிப்மென்ட் நெருங்கும்போது உன் மேசைக்கு வந்து கெஞ்சுவேன். "ஒரு பீஸுதான்டி, பாஸ் பண்ணிடு."

"கண்ணுக்குத் தெரிஞ்ச அப்புறம் எப்பிடிடி வுடறது?" என்பாய்.

விளிம்பு உடைந்த டீ கிளாஸில் ஸ்டிக்கர் ஒட்டுவாய். நான் கோணலாகக் குத்திய புடவை பின்னிலும் ஒட்டுவாய். உன்னால் நான் பட்ட பேஜார் கொஞ்சமில்லை.

பொங்கல் லீவில் கடலுக்குப் போகலாம் என்றது நான். போனில் வீடியோ பார்த்து அந்த டைவிங்காரர்களைப் பிடித்ததும் நான்தான். நீச்சல் தெரியாதவர்களும் இறங்கலாம், மீன்களோடு போட்டோ எடுத்துத் தருவோம் என்று போட்டிருந்தார்கள். நமக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட அவர்களிடம் போனதில்லை. விசாரிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவுமில்லை. படகில் ஏறியதுமே நீ உன் வேலையை ஆரம்பித்துவிட்டாய்.

"ஒரு ஆளு எத்தன பேர கூட்டினு எறங்குவீங்க? யாருக்காச்சும் மூச்சு முட்டுனா ஆக்சிஜன் வெச்சிருக்கீங்களா?"

படகுக்காரர் சிரித்தார். "யாரும் இப்பிடிலாம் கேட்டதில்ல மேடம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்கள் நீட்டிய காகிதத்தில் நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். நீ வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாய்.

படகின் பின்பக்கத்தில், என்ஜினுக்குப் பக்கத்திலேயே, சிலிண்டருக்குக் காற்றடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இறங்குவதற்கு முன் குழாயை வாயில் வைத்து மூச்சு விட்டுப் பழகச் சொன்னார்கள். இரண்டு மூச்சிலேயே நீ அதை எடுத்துவிட்டாய்.

"இன்னாமோ புகை நாத்தம் அடிக்குதுடி."

நானும் இழுத்துப் பார்த்தேன். ஆமாம், எனக்கும் அடித்தது. இதை வெகுநாள் நான் யாரிடமும் சொல்லவில்லை.

"டேனரி நாத்தத்துல சோறு துன்றவங்க நாம. அத வுட இது கம்மிதான், போடி."

"ஸ்டிக்கர் எடுத்துனு வந்திருந்தா இந்த சிலிண்டர்ல ஒட்டியிருப்பேன்."

"இங்கயும் உன் வேலைய காட்டாத. பாஸ் பண்ணிடு."

நீ சிரித்துக்கொண்டே முகமூடியை மாட்டினாய். பன்னிரண்டு வருடத்தில் என் பேச்சைக் கேட்டு நீ பாஸ் பண்ணியது அந்த ஒன்றைத்தான்.

அடுத்தது என் முறை என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் உன்னைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். உனக்கு நினைவு தப்பியிருந்தது. படகில் ஆக்சிஜன் இல்லை. நீ கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரை வரும்வரை உன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

சிலிண்டருக்குள் என்ஜின் புகை கலந்திருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். அந்தக் காற்றில் எந்த வாசனையும் இருக்கக் கூடாதாம். இருந்தால் இறங்கவே கூடாதாம். மேலே கொஞ்சமாகத் தெரிவது ஆழத்தில் விஷமாகிவிடுமாம். எங்கும் படிக்காமலே உன் மூக்குக்கு அது தெரிந்திருந்தது.

ஒடுகத்தூரில் உன் அம்மாவுக்கு, துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு. "எம் பொண்ணு அவசரக்காரி. பாக்காம கொள்ளாம எறங்கிட்டா." உன்னையா அவசரக்காரி என்பது? நான் ஞாயிறுதோறும் பஸ் பிடித்துப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தபடி அதைக் கேட்டுவிட்டு வந்தேன். வாயைத் திறந்தால் அந்த வீடும் எனக்கு இல்லாமல் போய்விடும் என்று பயம். உன் உயிர் போனது போதாதென்று உன் பெயரையும் கெடுக்க விட்டேன்.

போன ஞாயிறு சொல்லிவிட்டேன், ஒன்று விடாமல். கடலை உரித்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

"அப்போ, அவ நாத்தம் அடிக்குதுன்னு சொன்னாளா?"

"சொன்னாம்மா."

"நீதான் போச் சொன்னியா?"

"ஆமாம்மா."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் பிறகு வெளியே வரவில்லை. பஸ் நேரம் வரை வாசலில் நின்றேன். உள்ளே உன் போட்டோவிடம் பேசுவது கேட்டது. "உன்னப் போயி பாக்காம எறங்கிட்டன்னு சொல்லினு இருந்தேனே, எம்மா."

உன் டிராயரில் மிச்சமிருந்த ஸ்டிக்கர் தாளை நான்தான் கைப்பையில் வைத்திருக்கிறேன். இன்று மரத்தடியிலிருந்து திரும்பி வந்து, ஜெனரேட்டர் பக்கத்து ஜன்னலில் ஒன்றை ஒட்டினேன். புகைக்குழாயைத் திருப்பி வைக்கும்வரை லைனை நிறுத்தச் சொன்னேன். மேனேஜர் ஓடி வந்தார். "இன்னிக்கு ஷிப்மென்ட்டும்மா, இன்னா பண்ற நீ?"

"மூக்குக்குத் தெரிஞ்ச அப்புறம் எப்பிடி சார் வுடறது?" என்றேன். சொல்லிவிட்டு அங்கேயே அழுதுவிட்டேன்.

வரும் ஞாயிறும் ஒடுகத்தூர் போவேன். அம்மா கதவைத் திறக்காவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டு வருவேன். தாளில் இன்னும் நிறைய அம்பு இருக்கிறது. அன்றைக்கு ஒன்று போதுமாயிருந்திருக்கும்.